டபள் கெப்பில் ஒரு நெல் குற்றும் இயந்திரம்: சம்மாந்துறையிலிருந்து வெல்லாவெளிக்கு

திறந்த பின்பெட்டியுள்ள கெப் வாகனத்தின் பின்பக்கம் சுமையில் தாழ்ந்து போகிறது என்று எந்தக் கராஜில் சொன்னாலும், கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் ஒரே மருந்துதான். "இன்னொரு ஸ்பிரிங் தட்டுப் போடுவோம்." பின் அச்சைத் தாங்கும் வில் அடுக்கில் இன்னொரு தகட்டைச் சேர்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கல்முனையிலும் அதுதான், களுவாஞ்சிகுடியிலும் அதுதான். தட்டுப் போட்டால் வெறுமையாக நிற்கும்போது வாகனம் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சுமை ஏற்றினால் சமமாகிவிடும். உரிமையாளருக்கும் மனம் நிறைந்துவிடும். ஆனால் அந்தத் தட்டு டயரின் பலத்தைக் கூட்டுவதில்லை, அச்சைத் தடிப்பாக்குவதில்லை, பிரேக்கைப் பெரிதாக்குவதில்லை. பாரம் கூடிவிட்டது என்று கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்த ஓர் அடையாளத்தை அழித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மச்சான் வெல்லாவெளிக்கு அப்பால் சிறிய அரிசி ஆலை ஒன்று போடுகிறார். பெரும்போக அறுவடைக்கு முன் அதை ஓடவிட வேண்டும் என்பது அவருடைய அவசரம். சம்மாந்துறையில் ஓர் ஆலையில் பழைய குற்றும் இயந்திரமும் டீசல் எஞ்சினும் சேர்த்து விலைக்குக் கிடைத்தன. லொறி பிடித்தால் வாடகை கூட. "உன்னுடைய டபள் கெப் இருக்கிறதே" என்றார் மச்சான். இருக்கிறதுதான். ஆனால் அதில் அதுவரை உரப்பை, தேங்காய், சீமெந்து தவிர வேறெதுவும் ஏறியதில்லை. ஒரே துண்டாக, உயரமாக, ஒரு பக்கம் பாரம் கூடியதாக உள்ள வார்ப்பிரும்பு வேறு வகைச் சுமை. தட்டுக்குக் கொடுக்கவிருந்த காசைப் பின்பெட்டியில் செலவழிப்பது என்று முடிவு செய்தேன். தட்டுப் போட வந்த பாஸுக்கு (மெக்கானிக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பது) அதில் மகிழ்ச்சியில்லை. வெல்டிங் வேலையும் அவருக்கே கொடுத்ததால் சமாதானமானார்.

வேலையை முன்சுவரில் தொடங்கினோம். பின்பெட்டிக்கும் இருக்கைகளுக்கும் நடுவே இருப்பது மெல்லிய தகடும் ஒரு கண்ணாடியும்தான். சடுதியாகப் பிரேக் பிடித்தால் சுமை தன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு விசையோடு முன்னால் வரப் பார்க்கும் என்று கணக்கு வைத்துக் கட்ட வேண்டும். பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் பாதி எடை. 500 கிலோ இரும்பு என்றால் முன்னோக்கி 400 கிலோ. அதைக் கயிற்றால் மட்டும் நிறுத்த முடியாது. அது போய் முட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். 50 மில்லிமீற்றர் பெட்டி இரும்பில், கண்ணாடியின் பாதி உயரம் வரை ஒரு சட்டம் செய்தோம். அதன் கால்கள் பின்பெட்டித் தரையில் நின்று, தரைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தோடு போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. கபினோடு அதற்குத் தொடர்பே இல்லை. கபினும் பின்பெட்டியும் ஓட்டத்தில் தனித்தனியாக அசைபவை. இரண்டையும் ஒன்றாக இறுக்கினால் எங்காவது தகடு வெடிக்கும்.

அடுத்தது வளையங்கள். பின்பெட்டியின் வெளிவிளிம்பில் கம்பெனி வைத்த கொக்கிகள் தறப்பாள் கட்டத்தான் லாயக்கு. வார்ப்பிரும்பை அவற்றில் கட்டினால் தகடு உரிந்துகொண்டு வரும். தரையின் நான்கு மூலைக்குக் கிட்டவும் நடுவில் இரண்டுமாக, 12 மில்லிமீற்றர் தண்டில் வளைத்த யூ போல்ட்டுகளை இறக்கினோம். தகட்டுக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் 6 மில்லிமீற்றர் தடிப்பில் உள்ளங்கை அளவு இரும்புத் தட்டு. இழுவை வந்தால் அந்தத் தட்டு குறுக்குச் சட்டத்தில் போய்ப் பிடிக்கும். துளை போடுவதற்கு முன் வாகனத்துக்கு அடியில் படுத்துப் பார்த்தாக வேண்டும். எண்ணெய்த் தாங்கி, பிரேக் குழாய், வயர்க்கட்டு மூன்றும் அந்த இடத்தில்தான் ஓடுகின்றன. மேலே நின்றுகொண்டு டிரில்லை அழுத்துகிறவனுக்கு அவை தெரியாது. வெல்டிங் செய்யும்போது பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டோம். சேஸியில் எந்த இடத்திலும் வெல்டிங்கும் இல்லை, புதுத் துளையும் இல்லை. அதில் பாஸும் நானும் ஒரே கட்சி. வெட்டிய, துளைத்த விளிம்புகளுக்கெல்லாம் உடனேயே ரெட் ஒக்சைட் அடித்தோம். கடற்கரை வீதியில் ஓடும் வாகனம். ஒரு மாரி போதும், துளையைச் சுற்றித் துரு வளையம் போட்டுவிடும்.

தரைக்கு, ஆலையில் கழித்துப் போட்ட அகலமான ரப்பர் பெல்ட்டை வெட்டி விரித்தேன். பெயின்ட் அடித்த தகட்டில் இரும்புக் கால் வழுக்கும், ஈரம் பட்டால் இன்னும் வழுக்கும். ரப்பரில் அப்படியில்லை. தகட்டின் மேல் தன் எடையில் பத்தில் மூன்று பங்குதான் பிடிப்பு என்றால், ரப்பரில் ஏறக்குறைய இரட்டிப்பு. செலவில்லாமல் கிடைத்த இந்த இரட்டிப்பை விலை கொடுத்து வாங்கிய எந்தப் பட்டியும் தராது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் வாகனத்தை எடை போட்டேன். பதிவுச் சான்றிதழில் வெறும் எடை இருக்கிறது, ஆனால் அது வாகனம் புதிதாக வந்த நாளின் எடை. இடையில் முன்பக்க இரும்பு, கொக்கி, இப்போது இந்தச் சட்டம் என்று எவ்வளவோ ஏறிவிட்டன. நெல் வாங்கும் பெரிய ஆலைகளில் லொறியோடு நிறுக்கும் தராசு உண்டு. கேட்டால் விடுவார்கள். தாங்கி நிறைய டீசலும் நானும் சேர்ந்து 1,830 கிலோ. கதவுத்தூணில் உள்ள தகட்டின்படி மொத்த எடை 2,650 கிலோவைத் தாண்டக்கூடாது. மீதி 820. மருமகன் கூட வருகிறான், 60. செயின் புளொக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி), பலகை, கம்பி, கருவிகள் 50. ஆக, ஏற்றக்கூடியது 710 கிலோ. இது ஒரு தொன் வண்டி என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஒரு தொன்னில் ஓட்டுநர், கூட வருகிறவர், பின்னால் பூட்டிய இரும்பு எல்லாம் அடக்கம் என்பதை யாரும் சொல்வதில்லை.

டயரையும் அப்போதே பார்த்தேன். அளவு எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 110 என்றால் 1,060, 112 என்றால் 1,120. விலை குறைவு என்று கார் டயரைப் போட்டுக்கொண்டு சுமை ஏற்றுகிறவர்கள் அந்த எண்ணை ஒருமுறை குனிந்து பார்த்தால் நல்லது. என்னுடையவை 112. கதவுத்தூணில் வெறுமையான வாகனத்துக்கு ஒரு காற்றழுத்தமும் சுமையோடு ஓடுவதற்கு ஒரு காற்றழுத்தமும் தனித்தனியாக அச்சிட்டிருக்கிறது. பின் டயர்களுக்குச் சுமை அழுத்தத்தைக் காலையில், டயர் சூடேறுவதற்கு முன்பே அடித்துக்கொண்டேன்.

தட்டுப் போட மறுத்ததற்கு இன்னொரு காரணம், அதுவும் பெரிய காரணம், அடியில் இருக்கிறது. என்னுடையதைப் போன்ற பழைய கெப் வாகனங்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் இடையில் ஒரு மெல்லிய தண்டு போகும். அதன் மேல்முனையில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. சுமையில் பின்பக்கம் தாழ்ந்தால் தண்டு நகர்ந்து, "பாரம் இருக்கிறது, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டு" என்று சொல்லும். வெறுமையாக இருந்தால் குறைக்கும். இல்லாவிட்டால் பின் சக்கரங்கள் இறுகி வாகனம் சுழன்றுவிடும். இப்போது கூடுதல் தட்டைப் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் என்ன நடக்கும்? அரைத் தொன் ஏற்றினாலும் வால்வுக்கு அது வெறும் வாகனம். பிரேக் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் பின் சக்கரங்களுக்கு அது குறைவாகப் போகிறது. தட்டுப் போட்ட வாகனம் சுமையோடு "பிரேக் பிடித்தாலும் சட்டென்று நிற்கவில்லை" என்று முறையிடுகிறவர்கள் முதலில் இந்தத் தண்டைப் பார்க்க வேண்டும். என்னுடையதில் அந்த இணைப்பு துருப்பிடித்து அசையாமல் இருந்தது. துருநீக்கி எண்ணெய் விட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, விரலால் அசைத்தால் அசையும் அளவுக்குக் கொண்டுவந்து கிறீஸ் பூசினேன். பின்பெட்டியில் செய்த இரும்பு வேலை எல்லாவற்றையும்விட இந்தச் சிறு வேலைக்குத்தான் மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

ஏற்றும் நாளில் ஆலையின் மேடைத் தராசில் ஒவ்வொரு துண்டாக வைத்தோம். குற்றும் இயந்திரம் 280, எஞ்சின் 160, அடிச்சட்டமும் கப்பியும் 90. மொத்தம் 530 கிலோ. ஆலைக்காரக் காக்கா (அண்ணன்) பெரியவர், தாராள மனத்தவர்.

"தம்பி, இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறும் இரும்போடு திரும்புவதா? நாலு மூடை அரிசியும் ஏற்றுங்கள். மச்சானிடம் பிறகு காசு வாங்கிக்கொள்கிறேன்."

"இரண்டு மூடைக்கு இடம் இருக்கிறது, காக்கா. நாலுக்கு இல்லை."

அவர் பின்பெட்டியை எட்டிப் பார்த்தார். பத்து மூடைக்கு இடம் கிடந்தது. என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். 50 கிலோ மூடை இரண்டு ஏறியது. 630.

டபள் கெப்பில் எங்கே வைப்பது என்பது தனிக் கணக்கு. பின்பெட்டி ஒன்றரை மீற்றர்தான் நீளம், அதிலும் ஏறக்குறைய ஒரு மீற்றர் பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீற்றர். பின்கதவோரம், அச்சிலிருந்து 90 சென்ரிமீற்றர் பின்னால் 400 கிலோவை வைத்தால் பின் அச்சில் இறங்குவது 520 கிலோ. கூடுதல் 120 எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து. சிறுவர் ஏறும் சீசோப் பலகைதான் இது. திருப்புவதும் பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கும் முன் சக்கரங்களின் வேலை. அவற்றின் மேல் இருந்த பாரத்தை நாமே தூக்கிவிட்டு, ஸ்டியரிங் லேசாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டு ஓட்டுவோம்.

ஆகவே குற்றும் இயந்திரம் முன்சுவர்ச் சட்டத்தோடு ஒட்டி, எஞ்சின் அதன் பின்னால், அடிச்சட்டம் கடைசியில். ஆலைக் கூரையின் இரும்பு வளையில் செயின் புளொக்கை மாட்டி இயந்திரத்தைத் தூக்கி, வாகனத்தைப் பின்னுக்கு எடுத்து அதன் அடியில் கொண்டுவந்தோம். தொங்கும் பாரத்தின் கீழ் வாகனம் நகரும்போது பின்பெட்டிக்குள் ஆள் நிற்கக்கூடாது. மருமகன் நிற்கப் பார்த்தான், கீழே இறக்கிவிட்டேன். இயந்திரத்தின் கால் நேராகத் தகட்டில் குத்தாமல் இருக்க, ரப்பரின் மேல் இரண்டு அங்குலத் தடிப்பில் இரண்டு முதிரைப் பலகைகளைத் தரையின் மேடுபள்ள வரிகளுக்குக் குறுக்காகப் போட்டிருந்தேன். இரும்புக்கும் பலகைக்கும் நடுவே அதே ரப்பர் பெல்ட்டின் துண்டு. எஞ்சினிலிருந்து டீசலையும் தண்ணீரையும் முன்பே வடித்துவிட்டோம். மூடைகள் இரண்டும் எஞ்சினுக்கு இரு பக்கமும், ஆப்புப் போல.

கட்டுவதற்கு, பல்சக்கரத்தால் இறுக்கும் 50 மில்லிமீற்றர் அகல ராட்செட் பட்டி. எங்கள் பக்கம் எல்லோரும் நைலோன் கயிற்றை நம்புகிறவர்கள். நனைந்தால் நீளும், வெயிலில் கிடந்தால் இற்றுப்போகும், முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் பாதியாகலாம். பட்டி வாங்கும்போது அட்டையில் பெரிதாக 5 தொன் என்று போட்டிருக்கும். பல மலிவுப் பட்டிகளில் அது அறுந்துபோகும் எடை. நம்பிக் கட்டக்கூடியது அதில் மூன்றில் ஒன்று. தைத்திருக்கும் துணிச்சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சீட்டே இல்லாத பட்டி எனக்கு வேண்டாம்.

பட்டி எவ்வளவு நிமிர்ந்து இறங்குகிறதோ அவ்வளவு அழுத்தும். தரையோடு 30 பாகைச் சரிவில் போனால் இறுக்கியதில் பாதிதான் கீழ்நோக்கி அழுத்தமாகிறது. குற்றும் இயந்திரம் உயரமானது என்பதால் தலைக்கு மேலால் போட்ட இரண்டு பட்டிகள் நன்றாக நிமிர்ந்து நின்றன. எஞ்சின் குட்டை, அதற்கு மேலால் போட்டால் பட்டி படுத்துவிடும். அதன் காலில் உள்ள போல்ட் துளைகளில் கொக்கி மாட்டி நான்கு மூலை வளையங்களுக்கும் குறுக்கும் மறுக்குமாக இழுத்தோம். இப்படி இழுத்த சுமைக்கு நகர எந்தத் திசையும் இல்லை. வார்ப்பிரும்பின் கூர்விளிம்பு பட்டியில் படும் இடங்களில் பழைய தண்ணீர்க் குழாயை நெடுக்காகப் பிளந்து மாட்டினேன். ராட்செட் உருளையில் பட்டி இரண்டு சுற்றாவது சுற்ற வேண்டும். நாலைந்து சுற்றானால் பல்லில் ஒட்டி நெரியும். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டினேன். தொங்கினால் சக்கரத்தில் மாட்டும்.

எல்லாம் முடிந்ததும் மருமகன் பழக்கதோஷத்தில் பின்பெட்டியில் ஏறி எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காரப் போனான்.

"மாமா, நான் பிடித்துக்கொண்டு வருகிறேன்."

"530 கிலோவையா?"

முன்னால் வந்து பெல்ட் போட்டான். சுமையைப் பிடிக்க ஆள் ஏறுவதை எங்கள் பக்கம் தினமும் பார்க்கலாம். சுமை நகர்ந்தால் அவர்தான் முதலில் நசுங்குவார், நகராவிட்டால் அவர் தேவையில்லை.

வழி மூன்று இருந்தன. கிட்டங்கித் தாம்போதியை (தாழ்வான நீர்க்கடவையை) கடந்து நாவிதன்வெளி வழியாகப் போனால் கிட்ட, ஆனால் மாரி நாளில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் பாதை (வாகனம் ஏற்றும் மிதவைப் படகு) ஓடுகிறது. அதில் இந்தப் பாரத்தை ஏற்றும் எண்ணமே எனக்கு இல்லை. மிஞ்சியது காரைதீவு, கல்முனை, களுவாஞ்சிகுடி என்று ஏ4 வீதியில் வடக்கே ஏறி, பட்டிருப்புப் பாலத்தால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு இறங்குவது. சுற்றுத்தான். மருமகன் பேசிக்கொண்டே வந்தான், சுற்று தெரியவில்லை.

சாய்ந்தமருதைத் தாண்டி ஓரமாக நிறுத்திப் பட்டிகளைப் பார்த்தேன். இந்த நிறுத்தத்தைத் தவறவிடவே கூடாது. ஏற்றிய இடத்தில் கம்பி போல் இறுகியிருந்த பட்டி, பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. அறுந்ததோ கழன்றதோ இல்லை. அதிர்வில் பலகை ரப்பருக்குள் அமர்ந்து, மூடையும் ஒருபக்கம் படிந்துவிட்டது. அவ்வளவு போதும், பட்டி தளர. ராட்செட்டில் இரண்டு மூன்று பல் கூடுதலாக ஏறியது. களுவாஞ்சிகுடியில் மறுபடி பார்த்தபோது அசையவில்லை.

வேகம் 40க்கும் 50க்கும் இடையில். வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. சுமை அதைச் சும்மா கூட்டவில்லை, பெருக்குகிறது. பெரியகல்லாற்றில் மாடுகள் வீதியின் நடுவே படுத்திருந்தன. தூரத்திலேயே கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் கொன்றேன். மாடுகள் எழும்பவில்லை. சுமையில் பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேலே பார்க்கும். மழை மூடி இருட்டியதால் விளக்குப் போட வேண்டி வந்தது. டாஷ்போர்டில் விளக்கைத் தாழ்த்தும் சிறு சக்கரத்தை இரண்டு படி திருப்பினேன். எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கிவிட்டு அவர் ஒதுங்கவில்லை என்று ஏசுவதில் பயன் இல்லை.

பாலத்தைக் கடந்து போரதீவு தாண்டினால் வெல்லாவெளி வரை நல்ல வீதி. அதற்குப் பிறகு சரளை போட்ட கிறவல் வீதி. குழியில் விழுந்தெழும் கணத்தில் அச்சில் இறங்கும் விசை, வாகனம் அசையாமல் நிற்கும்போது உள்ளதைவிட வெகுவாக ஏறிவிடும். 80 கிலோவை மீதி வைத்தது இந்த இடத்துக்காகத்தான். நடையை விடக் கொஞ்சம் வேகமாகப் போனோம். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் பக்கம் என்பதால் மச்சான் போன் மேல் போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

இறக்குவதற்கு அங்கே கூரை வளை இல்லை. புது ஆலையின் அத்திவாரம் பின்பெட்டித் தரையைவிடக் கொஞ்சம் தாழ்வு. அதற்கு எதிரே பின் சக்கரங்கள் இறங்க ஓர் ஆழமற்ற பள்ளம் வெட்டச் சொல்லியிருந்தேன். சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் பின்பெட்டித் தரை அத்திவார மட்டத்துக்கு வந்தது. சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்கதவை முழுதாகக் கழற்றிவிட்டோம். அந்தக் கதவைத் தாங்கும் இரண்டு வயர்களும் ஆள் உட்காரத்தான், 280 கிலோ இரும்பு உருளுவதற்கு அல்ல. பலகையைப் பாலமாகப் போட்டு, அடியில் இரும்புக் குழாய்களை உருளையாக வைத்து, எதிர்ப்பக்கம் வளையத்தில் ஒரு பட்டியைத் தளர்த்தித் தளர்த்திப் பிடித்தபடி இயந்திரத்தை இறக்கினோம். கடைசிப் பட்டியைக் கழற்றும்போது சுமை சாயக்கூடிய பக்கத்தில் நிற்காமல் விலகி நின்று கழற்ற வேண்டும். ஒருபக்கம் சாய்ந்திருந்த சுமை, பட்டி விட்டதும் அந்தப் பக்கம் தள்ளும்.

வீட்டுக்கு வந்து யூ போல்ட் நட்டுகளை மீண்டும் இறுக்கினேன். இரண்டு நட்டுகள் மட்டும் கால் சுற்று ஏறின. பட்டிகளைக் கழுவி நிழலில் காயவிட்டுச் சாக்கில் போட்டேன்.

ஆலை ஓடத் தொடங்கி, அதன் இயந்திரம் என் கெப்பில் வந்த செய்தி பரவியதும் மண் ஏற்றித் தரக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினர். மண்ணுக்கு வழி அனுமதிப்பத்திரம் வேண்டும். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் விவகாரம் அது. பத்திரத்தோடு வந்தாலும் கணக்கு இருக்கிறது. ஒரு கியூப் என்பது 100 கன அடி, காய்ந்த மண்ணில் ஏறக்குறைய நாலரைத் தொன். என் பின்பெட்டியை விளிம்பு வரை நிரப்பினால் மூன்றில் ஒரு கியூப், அதாவது ஒன்றரைத் தொன்னுக்கு மேல். ஏற்றக்கூடியதில் இரண்டு மடங்கு. 700 கிலோவுக்குக் காய்ந்த மண் 19 சென்ரிமீற்றர் உயரம்தான் வரும், ஈர மண் 16. பின்பெட்டியின் உட்பக்கம் 16இல் சுற்றிவர ஒரு வெள்ளைக் கோடு அடித்துவிட்டேன். மண் அள்ளுகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பாதி வண்டிக்கு ஏன் முழு வாடகை என்று கேட்கிறார்கள். கோட்டுக்கு மேல் போனால் மண்வெட்டியை வாங்கி நானே கீழே தள்ளுகிறேன்.